எட்டுப் போடுவதும் உறுப்பினர் ஆவதும்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டு முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

டூவீலர் லைசென்ஸ் எடுக்கப் போன எல்லோரும் ஆர்.டி.ஓ. ஆபீஸ் மைதானத்தில் எட்டுப் போட்டிருப்போம். காலை ஊன்றக் கூடாது, கோட்டை விட்டு வெளியே போகக் கூடாது. அதே எட்டை ஐஸ் தரையின் மேல், ஒற்றைக் காலில் நின்றபடி, காலில் இருக்கும் கத்தியாலேயே கோடாகக் கிழித்துக் காட்ட வேண்டும் என்றால்? அதுதான் ஃபிகர் ஸ்கேட்டிங். ஃபிகர் என்றால் உருவம். டிவியில் பம்பரம் போலச் சுழல்கிறார்களே, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி இறங்குகிறார்களே, பெயர் அதனால் வந்ததல்ல. ஐஸ் மேல் விழுகிற கோட்டால் வந்தது. வட்டம், எட்டு, கொக்கி, வளையம் என்று போட்ட கோட்டின் மேலேயே மறுபடியும் மறுபடியும் போக வேண்டும். இரண்டாம் தடவை போட்டது முதல் தடவைக் கோட்டை விட்டு விரலளவு விலகினாலும் மார்க் போய்விடும். நம் வீட்டுப் பெண்கள் சிக்குக் கோலத்தில் கம்பி இழுப்பார்களே, ஏறக்குறைய அந்த வேலை. கைக்குப் பதில் கால்.

இதை ஏன் இப்போது எழுதுகிறேன் என்றால், என் தங்கை மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். அவள் பெண்ணுக்கு ஆறு வயது. வீட்டுக்குப் பக்கத்து ஐஸ் ரிங்கில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்துகிற ஸ்கேட்டிங் கிளப் ஒன்று சிறு பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறதாம். விண்ணப்பப் படிவத்தைக் குடும்பக் குழுவில் போட்டிருந்தாள். அதில் இரண்டு கட்டங்கள். ஒன்று, வகுப்பில் சேர. இன்னொன்று, கிளப்பில் உறுப்பினர் ஆக. "வகுப்பு சரி, கிளப் எல்லாம் நமக்கு எதுக்குன்னு அவர் கேக்கறார். நீங்க என்ன சொல்றீங்க மாமா?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், பிள்ளை கையைக் காலை உடைத்துக்கொள்ளும் என்று மூன்று பேர், பரதநாட்டியத்தில் சேர்த்துவிடு என்று நான்கு பேர்.

எனக்கு ஸ்கேட்டிங் தெரியாது. வாழ்நாளில் ஐஸைப் பார்த்தது சர்பத் கடையில்தான். ஆனால் அந்த இரண்டாவது கட்டத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. வரலாறு நடத்திச் சம்பளம் வாங்கியவன், அதையாவது சொல்ல வேண்டும் அல்லவா.

உலகத்திலேயே பழைய ஸ்கேட்டிங் கிளப் என்று ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரத்துக் கிளப்பைச் சொல்வார்கள். பதினெட்டாம் நூற்றாண்டுச் சமாச்சாரம். அதில் சேர ஒரு நுழைவுத் தேர்வு இருந்தது. வலது காலில் ஒரு முழு வட்டம், இடது காலில் ஒரு முழு வட்டம். பிறகு ஐஸ் மேல் ஒரு தொப்பியை வைப்பார்கள், தாண்ட வேண்டும். அப்புறம் இரண்டு தொப்பி. அப்புறம் மூன்று. தாண்டினால் உறுப்பினர். அந்தக் காலத்து எடின்பரோ எப்படி இருந்தது என்று பார்க்க விரும்புகிறவர்கள் ரேபர்ன் வரைந்ததாகச் சொல்லப்படும் ஓவியம் ஒன்றைத் தேடிப் பாருங்கள். கறுப்பு அங்கி போட்ட பாதிரியார் ராபர்ட் வாக்கர், கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, உறைந்த டடிங்ஸ்டன் ஏரியில் ஒற்றைக் காலில் வழுக்கிக்கொண்டு போவார். முகத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்துக்கு உண்டான அத்தனை கம்பீரமும் இருக்கும்.

ஏரி உறைந்தால் யார் வேண்டுமானாலும் இறங்கலாம். கிளப்பில் இல்லாதவன் அந்தப் பக்கமாகப் போய் விளையாடுவான், அவ்வளவுதான். ஏரிக்குக் கதவு கிடையாது. (நம் ஊர்க் குளங்களுக்குக் கண்ணுக்குத் தெரியாத கதவு இருந்தது. அது வேறு பாடம்.) கதவு வந்தது 1876இல். லண்டனின் செல்சி பகுதியில் ஜான் காம்ஜி என்பவர், இயந்திரத்தால் உறைய வைத்த முதல் ஐஸ் தளத்தை அமைத்தார். மண், மாட்டு மயிர், மரப்பலகை என்று அடுக்கி, அதன் மேல் செம்புக் குழாய்களைப் பதித்து, குளிரூட்டிய திரவத்தைக் குழாய்க்குள் ஓட விட்டு, மேலே ஊற்றிய தண்ணீரை உறைய வைத்தார். நிரந்தரத் தளம் 40 அடிக்கு 24 அடி. நம் பள்ளியில் இரண்டு வகுப்பறைக்கு இடைச்சுவரை எடுத்தால் எவ்வளவோ அவ்வளவுதான். அதற்குள் வர உறுப்பினராக இருக்க வேண்டும். பணக்காரர்களை மனத்தில் வைத்துத்தான் காம்ஜி அதை நடத்தினார். வாத்திய இசை கூட உண்டு.

இந்த இடத்தைக் கவனியுங்கள். ஐஸ் கூரைக்குள் வந்ததும் அதற்கு ஒரு சொந்தக்காரர் வந்துவிட்டார். டிக்கெட் கவுண்டர் வந்தது, வாசல்காரர் வந்தார். குளிர்காலம் எப்போது வரும் என்ற கவலை போய், உள்ளே யாரை விடுவது என்ற கேள்வி வந்தது.

அந்தக் கேள்விக்கு எழுதிய விதியும் உண்டு, எழுதாத விதியும் உண்டு. 1902இல் லண்டனில் நடந்த உலகப் போட்டிக்கு மேட்ஜ் சையர்ஸ் என்ற பெண் பெயர் கொடுத்தார். அதுவரை ஆண்கள் மட்டுமே ஆடிய போட்டி. நிர்வாகிகள் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்கள். பெண் வரக் கூடாது என்று எந்த இடத்திலும் எழுதியிருக்கவில்லை. ஒரு பெண் வருவாள் என்று யாருக்கும் தோன்றியிருந்தால்தானே எழுதுவதற்கு? வேறு வழியில்லாமல் விட்டார்கள். அவர் உல்ரிக் சால்கோவுக்கு அடுத்து இரண்டாம் இடம் பிடித்தார். சில ஆண்டுகளில், 1906இல், பெண்களுக்குத் தனிப் போட்டியே வந்துவிட்டது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் பெண்கள் பிரிவில் முதல் தங்கமும் அவருக்குத்தான்.

அமெரிக்காவில் ஆங்காங்கே இருந்த கிளப்புகள் சேர்ந்து 1921இல் தேசிய ஃபிகர் ஸ்கேட்டிங் சங்கத்தை அமைத்தன. அதன் அமைப்பைப் புரிந்துகொண்டால்தான் மீதிக் கதை புரியும். ஒரு பிள்ளை போட்டியில் ஆட வேண்டும் என்றால் அந்தந்தப் படிக்குரிய தேர்வுகளில் தேறியிருக்க வேண்டும். உருவம் போடுவதில் மட்டும் ஒன்று முதல் எட்டு வரை தேர்வுகள். எட்டாவதுக்குத் தங்கத் தேர்வு என்று பெயர். நடுவர்கள் ஐஸ் மேல் நடந்து வந்து, குனிந்து, சில சமயம் மண்டியிட்டு, கோட்டை ஆராய்வார்கள். இந்தத் தேர்வுகளை நடத்துவது கிளப். பிள்ளை போட்டிக்குப் போனாலும் அதன் பெயருக்குப் பக்கத்தில் கிளப்பின் பெயர் இருக்கும். கிளப்புகளிலோ, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் பார்த்துச் சேர்ப்பதுதான் வழக்கம். நம் கணக்கில் சொல்வதானால், பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தால்தான் ஹால் டிக்கெட். பதிவேட்டில் பெயர் எழுதுவது தலைமையாசிரியர் விருப்பம்.

இந்த வாசலுக்கு முன்னால் வந்து நின்றவர் மேபல் ஃபேர்பேங்க்ஸ். பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபுளோரிடாவில் 1915இல் பிறந்த கறுப்பினப் பெண். சிறு வயதில் தாயை இழந்தவர். நியூயார்க்குக்கு வந்து, பணக்கார வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்ளும் வேலை செய்தார். சென்ட்ரல் பார்க்கில் பிள்ளைகள் ஸ்கேட் செய்வதைப் பார்த்து ஆசை வந்தது. சோன்யா ஹெனி என்ற நார்வே வீராங்கனை மூன்று ஒலிம்பிக் தங்கம் வாங்கிவிட்டு ஹாலிவுட்டில் நடித்துக்கொண்டிருந்த காலம் அது. அந்தப் படங்களையும் பார்த்தார். அடகுக் கடையில் பழைய ஸ்கேட்ஸ் ஒரு ஜோடி வாங்கினார். அவர் காலுக்கு இரண்டு அளவு பெரிது. பஞ்சைத் திணித்துப் போட்டுக்கொண்டார். (வளர்கிற பிள்ளை என்று சொல்லி நம் அம்மாக்கள் இரண்டு அளவு பெரிய செருப்பு வாங்கித் தருவார்களே, அந்த நடையை நடந்து பார்த்தவர்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும். அதில் கத்தி வேறு.)

திறந்தவெளியில் தானாகவே பழகினார். பிறகு ரிங்குக்குப் போனார். கவுண்டரில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் போனார். அதற்கு மறுநாளும் போனார். கடைசியில் மேலாளருக்கே சலித்துப்போய் உள்ளே விட்டார். அங்கே மேரிபெல் வின்சன் என்பவர் அவரைக் கவனித்தார். ஒன்பது முறை அமெரிக்க சாம்பியன், 1932 ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கியவர். அவர் மேபலுக்கு நுணுக்கங்களைச் சொல்லித் தந்தார். இந்த மேரிபெல் 1961இல் பெல்ஜியத்தில் விழுந்த விமானத்தில், தன் இரண்டு பெண்களோடும் அமெரிக்க அணி முழுவதோடும் இறந்துபோனார். மனத்தைப் பிசைகிற தனிக் கதை அது. இன்னொரு நாள் எழுதுகிறேன்.

மேபலின் மாமா ஒருவர் அவர் அறைக்குள்ளேயே ஆறடிக்கு ஆறடியில் ஒரு சின்ன ஐஸ் தளம் செய்து கொடுத்தார். ஆறடிக்கு ஆறடி! நம் வீட்டுக் கட்டில் அளவு. அதில் சுழலப் பழகினார்.

திறமை இருந்தது, உழைப்பு இருந்தது, சொல்லித் தர ஆளும் கிடைத்தார். கிளப் இல்லை. எந்தக் கிளப்பும் அவரைச் சேர்க்கவில்லை. கிளப் இல்லையென்றால் தேர்வு இல்லை. தேர்வு இல்லையென்றால் போட்டி இல்லை. மேபல் ஃபேர்பேங்க்ஸ் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தேசியப் போட்டியில்கூட ஆடவில்லை. தோற்றிருந்தால்கூட ஏதோ ஓர் ஏட்டில் பெயர் இருந்திருக்கும். மேடை நிகழ்ச்சிகளில் ஆடிப் பிழைத்தார். பிறகு லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் குடிபெயர்ந்தார். அங்கே பாசடீனா நகரத்து ரிங்கில் கறுப்பர் வருகையை விரும்பவில்லை என்று பலகையே மாட்டியிருந்தது. அவர் மாமா அதைப் பற்றிப் பத்திரிகையில் எழுத வைத்து, அந்தச் செய்தியை ஊரெல்லாம் கொடுத்தார். பிறகு அங்கேயும் கதவு திறந்தது.

இனிதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போட்டி இல்லை என்று ஆனபின் அவர் ஆசிரியர் ஆனார். திரையுலகப் பிரபலங்களின் பிள்ளைகளுக்கும் கற்றுக்கொடுத்தார், காசு தர வழியில்லாத பிள்ளைகளுக்குச் சும்மாவும் கற்றுக்கொடுத்தார். அதோடு நிற்கவில்லை. தன் மாணவர்களைக் கிளப்பில் சேர்க்கச் சொல்லிக் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார். கற்றுக்கொடுத்தால் மட்டும் போதாது, பதிவேட்டில் பெயர் ஏற வேண்டும் என்பது அவரைவிட யாருக்குத் தெரியும்? அவரிடம் படித்த அட்டாய் வில்சனை லாஸ் ஏஞ்சலஸ் கிளப் சேர்த்துக்கொண்டது. 1965இல் அமெரிக்க தேசியப் போட்டியில் ஆடிய முதல் கறுப்பினச் சிறுவன் அவன். மறு ஆண்டே புதியவர் பிரிவில் பட்டம் வென்றான். இன்னொரு மாணவர் ரிச்சர்ட் யூவெல்லையும் ஒரு கிளப் சேர்த்துக்கொண்டது. அவர் 1972இல் மிஷல் மெக்லாடி என்ற பெண்ணோடு ஜோடியாக ஆடி ஜூனியர் பட்டம் வாங்கினார்.

ஒரு நாள் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தியையும் பத்து வயதுப் பையன் ஒருவனையும் கையைக் கோத்து ஆடச் சொன்னார் மேபல். இரண்டுக்கும் வெட்கம். எட்டு வயசுக்கும் பத்து வயசுக்கும் வேறு எப்படி இருக்கும்? டாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் என்ற அந்த ஜோடி 1979இல் உலகச் சாம்பியன் ஆனது. 1986இல் டெபி தாமஸ் என்ற கறுப்பினப் பெண் உலகச் சாம்பியன் ஆனபோது அவர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து மாணவி. 1988இல் ஒலிம்பிக் வெண்கலம். பின்னாளில் எலும்பு அறுவை மருத்துவர். அவரை ரிங்குக்கும் பள்ளிக்கும் வீட்டுக்குமாகக் காரில் கொண்டுபோய்க் கொண்டுவந்தே ஆளாக்கியவர் அவருடைய அம்மா. டெபிக்குக் கதவில் போராட வேண்டியிருக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது பூட்டியிருக்கவில்லை.

விளையாட்டும் மாறிவிட்டது. உருவம் போடுவதற்கு மொத்த மார்க்கில் 60 சதவீதம் இருந்த காலம் உண்டு. 1972 ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் டிரிக்ஸி சூபா உருவங்களில் எடுத்த முன்னிலையை வைத்தே தங்கம் வாங்கினார். துள்ளி ஆடி எல்லோர் மனத்தையும் அள்ளிய ஜேனட் லின்னுக்கு மூன்றாம் இடம். டிவி பார்த்த ஜனங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கோடு டிவியில் தெரியாதே! மெல்ல மெல்ல மார்க்கைக் குறைத்து, 1990ஆம் ஆண்டோடு சர்வதேசப் போட்டிகளில் உருவத்தையே எடுத்துவிட்டார்கள். பெயரில் மட்டும் ஃபிகர் மிச்சம். எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அந்தப் பயிற்சிக்காக ரிங்கைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஆளுக்கொரு பாத்தி வாடகைக்குக் கொடுப்பார்களாம். விடிகாலையில், பாட்டும் பேச்சும் இல்லாமல், பிள்ளைகள் ஆளுக்கொரு பாத்தியில் வட்டம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அந்த வாடகையும் பெற்றோர் தலையில்தான் விடிந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

சரி, இன்றைக்கு அந்தச் சின்ன வகுப்பில் என்ன நடக்கும்? தங்கை மகளும், இதே வழியில் போன என் பழைய மாணவி ஒருத்தியும் சொன்னதை வைத்து எழுதுகிறேன். முதல் பாடமே விழுவது. முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சாய்ந்து விழ வேண்டும். விழுந்ததும் கையை மடியில் சுருட்டிக்கொள்ள வேண்டும். பக்கத்துப் பிள்ளையின் கத்தி விரலில் ஏறாமல் இருக்க. பிறகு மண்டியிட்டு, ஒரு காலை ஊன்றி, தானாக எழ வேண்டும். டீச்சர் தூக்கிவிட மாட்டார்! அடுத்தது பொம்மை நடை, அதற்கடுத்து வழுக்கல், பிறகு இரண்டு காலையும் வெளிப்பக்கம் தள்ளி நிற்பது. சாலையில் பனி தள்ளுகிற வண்டியின் பெயரை அந்த நிறுத்தலுக்கு வைத்திருக்கிறார்கள். மிகச் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கே ஸ்னோப்ளோ சாம் என்று பெயர். ஒவ்வொரு படிக்கும் ஒரு பேட்ஜ்.

ஆரம்பத்திலேயே ஸ்கேட்ஸ் வாங்கிவிட வேண்டாம். வாடகைக்குத் தருவார்கள். பிளாஸ்டிக்கில் மலிவாக வருவதை வாங்கவே வேண்டாம், கணுக்காலைப் பிடிக்காது. சாக்ஸ் மெல்லியதாக இருக்கட்டும். தடித்த சாக்ஸ் போட்டால் உள்ளே கால் ஆடும். கையுறை கட்டாயம், ஹெல்மெட் அதைவிடக் கட்டாயம். மூன்று பேர் பயந்த கை கால் கதைக்கு இதுதான் பதில். பரதநாட்டியக் கட்சிக்காரர்களுக்கு ஒரு தகவல். ஃபிகர் ஸ்கேட்டிங்கை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் ஜாக்சன் ஹெய்ன்ஸ் என்ற அமெரிக்க நாட்டியக்காரர். சொந்த ஊரில் எடுபடாமல் வியன்னாவுக்குப் போய், இசைக்கு ஆடிக் காட்டிப் பெயர் வாங்கினார். ஆகவே அரைமண்டி தெரிந்த பிள்ளைக்கு அங்கேயும் வேலை உண்டு.

செலவு ஏறும். அதை மறைக்க மாட்டேன். கூட்டு வகுப்பு வரை தாங்கும். தனி வகுப்பு, சொந்த ஸ்கேட்ஸ், போட்டி உடை என்று போனால் நல்ல சம்பளக்காரருக்கே மூச்சு முட்டும். எங்கே நிறுத்துவது என்பதை அவளும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யட்டும். அந்தப் பேச்சில் பிள்ளையையும் உட்கார வையுங்கள்.

இரண்டாவது கட்டத்துக்கு வருகிறேன். கிளப் என்றதும் மாப்பிள்ளைக்குச் சூட்டு கோட்டு போட்டவர்கள் சீட்டாடும் இடம் ஞாபகம் வந்திருக்கும். இது அப்படியில்லை. பெற்றோர்களே சேர்ந்து, சம்பளம் வாங்காமல் நடத்துவது. ரிங்கில் நேரம் வாடகைக்கு எடுப்பது, தேர்வு நாள் குறிப்பது, பாட்டு போடுவது, வாசலில் பெயர் சரிபார்ப்பது எல்லாம் அவர்கள்தான். வருஷா வருஷம் தேர்தல் வைத்து நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பார்கள். வகுப்பில் மட்டும் சேர்ந்தால் காசு கொடுத்து வாங்குகிறவர்கள். உறுப்பினர் ஆனால் ஓட்டு உண்டு. யாரைச் சேர்ப்பது, யாருக்குக் கட்டணத்தைக் குறைப்பது என்று முடிவெடுக்கிற மேசையில் ஒரு நாற்காலி உண்டு. 1930களில் மேபலுக்கு இல்லாமல் போனது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களின் ஒரு தலையசைப்புதான். ஆகவே என் பதில்: இரண்டு கட்டத்திலும் டிக் போடு. தன்னார்வலர் பட்டியல் என்று ஒன்று வைத்திருப்பார்கள். அதிலும் உன் பெயரை எழுது. பெயர் சரிபார்க்கிற வேலை கிடைத்தால் இன்னும் நல்லது.

மேபல் ஃபேர்பேங்க்ஸை அமெரிக்க ஃபிகர் ஸ்கேட்டிங் புகழ்க்கூடத்தில் 1997இல் சேர்த்தார்கள். அந்த மரியாதையைப் பெற்ற முதல் கறுப்பர். அப்போது அவருக்கு எண்பதுக்கு மேல். 2001இல் காலமானார். அதே 1997இல், அவர் ஒரு காலத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அதே நியூயார்க்கில், ஷரன் கோஹென் என்பவர் ஹார்லெம் பகுதிப் பெண் பிள்ளைகளுக்காக ஓர் அமைப்பைப் பதிவு செய்தார். பெயர் ஃபிகர் ஸ்கேட்டிங் இன் ஹார்லெம். ஆறு வயதிலிருந்து சேரலாம். ஸ்கேட்டிங்கும் படிப்பும் சேர்ந்தே நடக்கும். மார்க் குறைந்தால் தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள். முதலில் வீட்டுப்பாடத்தை முடிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஸ்கேட்ஸை மாட்டவே விடுவார்கள்.